தேய்மானக் கணக்கு போட்ட கணிதப் பேராசிரியர்

டி.டி. கோசாம்பி. வரலாறு படிக்கும் நண்பர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். பண்டைய இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஆதரித்தாவது எழுதுவார்கள், மறுத்தாவது எழுதுவார்கள். தாண்டிப் போக முடியாது. மரபியல் படிக்கிறவர்களைக் கேட்டால் "கோசாம்பி சூத்திரம்தானே, தெரியுமே" என்பார்கள். சமஸ்கிருதக்காரர்களுக்கு அவர் பர்த்ருஹரியின் பாடல்களைப் பதிப்பித்தவர். வேடிக்கை என்னவென்றால், இவர்களில் பலருக்கு மற்றவர்கள் சொல்லும் கோசாம்பியும் தங்கள் கோசாம்பியும் ஒரே ஆள் என்பது தெரியாது. இத்தனைக்கும் அவர் சம்பளம் வாங்கியது இந்த வேலைகள் எதற்கும் இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதி அவர் கணிதப் பேராசிரியர்.

பி.காம் படிக்கிற எனக்கு அவர் மேல் ஆர்வம் வரக் காரணம் தேய்மானம். ஆமாம், அக்கவுண்ட்ஸ் வகுப்பில் இயந்திரத்துக்கும் மேஜை நாற்காலிக்கும் வருடா வருடம் போடுகிறோமே, அதே தேய்மானம்தான். அதை இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வெள்ளிக் காசுக்குப் போட்டுப் பார்த்தவர் இவர். அந்தக் கதைக்குப் போகும் முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கோவாவிலிருந்து ஹார்வர்டுக்கு

தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907 ஜூலை 31-ஆம் தேதி, அப்போது போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில் பிறந்தார். அப்பா தர்மானந்த கோசாம்பியே ஒரு தனிக் கட்டுரைக்கு உரியவர். புத்தரைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பி நேபாளம், இலங்கை, பர்மா என்று அலைந்தவர். கொழும்பில் பாலி மொழி கற்றார். பிறகு பாலி அறிஞராகப் பெயர் பெற்று, பௌத்த நூல் ஒன்றைப் பதிப்பிக்கும் வேலைக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரை போனார். 1918-இல் மறுபடி அங்கே போனபோது மகனையும் கூட்டிக்கொண்டு போனார். பையனுக்கு அப்போது வயது 11.

அந்தப் பையன் அங்கேயே பள்ளி முடித்து, நடுவில் கொஞ்ச காலம் இந்தியா வந்துவிட்டு, திரும்பப் போய் ஹார்வர்டிலேயே பட்டப்படிப்பில் சேர்ந்தான். ஜார்ஜ் பிர்காஃப் என்ற பெரிய கணித மேதை அவனுடைய திறமையைப் பார்த்து, கணிதத்தில் மட்டும் கவனம் செலுத்தச் சொன்னாராம். கோசாம்பி கேட்கவில்லை. மொழி, இலக்கியம் என்று கண்ணில் பட்ட பாடத்தை எல்லாம் எடுத்தார். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார். 1929-இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் பெற்றார். ஆனால் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகாமல் அந்த ஆண்டே இந்தியா திரும்பிவிட்டார். கடைசி வரை அவர் பிஎச்.டி. பட்டம் வாங்கவே இல்லை.

முதல் வேலை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில். 1931-இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம். அங்கே கணிதத் துறைத் தலைவராக இருந்தவர் ஆந்த்ரே வெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர். 23 வயதிலேயே அந்தப் பதவிக்கு வந்தவர்! அவர் தேடிப் பிடித்துச் சேர்த்த ஆட்களில் கோசாம்பி ஒருவர். இன்னொருவர் நம் ஊர் டி. விஜயராகவன், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் படித்துத் திரும்பியவர், பிற்காலத்தில் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மூன்று பேருக்குமே வயது முப்பதுக்குக் கீழ். அலிகாரில் அப்போது என்ன மாதிரிப் பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் காலத்துக் குறும்பு ஒன்று. சக ஊழியர் ஒருவரை மட்டம் தட்டுவதற்காக, வெய்ல் சொல்லிக் கொடுத்தபடி, "போர்பாகி" என்ற இல்லாத ஒரு ரஷ்யக் கணிதவியலாளரின் பெயரை வைத்து கோசாம்பி 1931-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். சில வருடம் கழித்து வெய்லும் அவருடைய பிரெஞ்சு நண்பர்களும் கூட்டாகப் புத்தகம் எழுத ஆரம்பித்தபோது அதே பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார்கள். இன்று போர்பாகி என்றால் கணித உலகமே எழுந்து நிற்கும். அந்தப் பெயர் முதன்முதலில் ஆய்விதழில் அச்சேறியது கோசாம்பியின் கட்டுரையில்தான் :-)

அந்தக் கூட்டம் நீடிக்கவில்லை. 1932-இல் வெய்லின் வேலை போனது. விஜயராகவன் டாக்காவுக்குப் போனார். கோசாம்பி புனேக்கு வந்து ஃபெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார். அவர் அப்பா முன்பு பாலி மொழி கற்பித்த அதே கல்லூரி. அங்கே ஏறக்குறைய 12 வருடம் பாடம் நடத்தினார். நம் கதை இங்கேதான் திரும்புகிறது.

குன்றிமணி எடையும் ஒரு தராசும்

புனேயில் அவருக்குப் புள்ளியியல் மேல் ஆர்வம் வந்தது. புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்டால் போதாது, நிஜமான ஒரு பிரச்னையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். அப்படி எடுத்துக்கொண்டதுதான் முத்திரை குத்திய வெள்ளி நாணயங்கள்.

இந்தியாவின் மிகப் பழைய காசுகள் இவை. வெள்ளித் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, எடை சரிபார்த்து, மேலே சூரியன், மலை, மிருகம் போன்ற முத்திரைகளைக் குத்திவிடுவார்கள். முன்பக்கம் பெரும்பாலும் ஐந்து முத்திரை. தமிழ்நாட்டிலும் போடிநாயக்கனூர் போன்ற இடங்களில் இந்த வகைக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு காசின் எடை ஏறக்குறைய 32 குன்றிமணி, அதாவது மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சிக்கல் என்னவென்றால் இதில் எழுத்தே கிடையாது. ராஜா பெயர் இல்லை, வருஷம் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? அதுவரை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் முத்திரைச் சின்னங்களின் அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்லும் அர்த்தம் இன்னொருவருக்குப் பிடிக்காது.

கோசாம்பி சின்னத்தை விட்டுவிட்டு எடையைப் பிடித்தார்.

யோசனை ரொம்ப எளிது. காசு கை மாற மாற உரசும். உரச உரச வெள்ளி தேயும். நிறைய நாள் புழங்கிய காசு எடை குறைந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு காசை எடுத்து "இது இத்தனை வருடம் புழங்கியது" என்று சொல்ல முடியாது. ஒன்று சந்தையில் தினம் பத்துக் கை மாறியிருக்கும். இன்னொன்று பாட்டியின் சுருக்குப் பையில் தூங்கியிருக்கும். அச்சடிக்கும்போதே ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய இருந்திருக்கும். தனிக் காசு பொய் சொல்லும். நூற்றுக்கணக்கான காசுகளைச் சேர்த்து சராசரி எடுத்தால் அந்தச் சராசரி பொய் சொல்லாது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடக் கூடாது என்று அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன் காலத்தில் கடைத்தெருவில் புழங்கிக்கொண்டிருந்த, வருடம் அச்சிட்ட சாதாரணக் காசுகளை ஆயிரக்கணக்கில் எடுத்து ஒவ்வொன்றாக எடை போட்டார். இதில்தான் வயது தெரியுமே! அதனால் கொள்கை சரியா என்று சோதித்துவிடலாம். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, சராசரி எடை வருடத்துக்கு வருடம் ஒரே சீராகக் குறைகிறது. நம் பாடத்தில் வரும் நேர்கோட்டு முறைத் தேய்மானமேதான்! இரண்டு, காசுகளுக்கு இடையிலான எடை வித்தியாசம் வயது கூடக் கூடப் பெரிதாகிறது. புதுக் காசுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. பழங்காசுகள் ஆளுக்கொரு எடை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தட்சசீலத்துக் காசுகளுக்குப் போனார். அங்கே பீர் மேடு என்ற இடத்தில் 1924-இல் ஒரு புதையல் கிடைத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். கூடவே அலெக்சாண்டரின் பெயரில் வந்த காசுகளும், அவருக்குப் பின் வந்த பிலிப்பின் காசு ஒன்றும், அதிகம் புழங்காத புதுக் கருக்கோடு கிடந்தன. அதனால் அந்தப் புதையல் கி.மு. 317-க்குச் சற்றுப் பிந்தி மூடப்பட்டது என்று கணிக்க முடிகிறது. பூமிக்குள் போன காசு பிறகு கை மாறாது. ஆக அன்றைய தேதிக்கு எந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருந்தது என்ற கணக்கு அப்படியே உறைந்துபோய்க் கிடைக்கிறது. வருடக் கடைசியில் புத்தகத்தை மூடி இருப்புக் கணக்கு எடுக்கிற மாதிரி!

முத்திரை வாரியாகக் காசுகளைப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் சராசரித் தேய்மானத்தையும் கணக்கிட்டால் எது மூத்தது, எது இளையது என்ற வரிசை கிடைத்துவிடுகிறது. இன்னொரு விஷயமும் வெளிவந்தது. காசின் பின்பக்கத்தில் குட்டி முத்திரைகள் சில இருக்கும். சில காசில் ஒன்று, சில காசில் பல. பின்பக்க முத்திரை கூடக் கூட எடை குறைந்துகொண்டே வருவதை அவர் கவனித்தார். அப்படியானால் அவை அரசன் குத்தியவை இல்லை. காசு புழங்கும்போது வணிகர்கள் எடையும் மாற்றும் பரிசோதித்து, "சரிதான்" என்று குத்தியவை என்பது அவர் முடிவு. நம் பாஷையில் சொன்னால் தணிக்கையாளர் போடும் டிக் மார்க்.

இன்னொன்றும் சொன்னார். மௌரியர் காலத்துக் காசுகளில் செம்பு கூடுகிறது. எடையிலும் பழைய நேர்த்தி இல்லை. இவ்வளவு பெரிய ராணுவத்தையும் அதிகாரிகளையும் வைத்திருந்த அரசின் கஜானா திணறியதற்கு அது அடையாளம் என்று அவர் வாசித்தார். கல்வெட்டில் எந்த அரசனும் "எனக்குப் பணமுடை" என்று வெட்டி வைக்க மாட்டான். காசு சொல்லிவிடும்.

ஒரு கேள்வி அடுத்த கேள்விக்கு

சரி, காசுகளை வரிசைப்படுத்தியாயிற்று. இவற்றை அடித்த அரசர்கள் யார்? அதற்குப் புராணங்கள், பௌத்த நூல்கள், சமண நூல்கள் எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இல்லை. மூலத்தையே படித்தால்தான் ஆகும். எனவே சமஸ்கிருதத்துக்குள் இறங்கினார். இறங்கியவர் சும்மா இருக்கவில்லை. பர்த்ருஹரியின் பெயரில் வழங்கும் பாடல்களுக்கு நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1948-இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார். எந்தப் பாட்டு எத்தனை சுவடியில் வருகிறது, எது எல்லாவற்றுக்கும் பொது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிக்கிற வேலை. யோசித்துப் பார்த்தால் இதுவும் குவியலை வகை பிரிக்கிற வேலைதான். காசுக்குப் பதில் சுவடி. 1957-இல் வி.வி. கோகலேயுடன் சேர்ந்து வித்யாகரரின் சுபாஷிதரத்னகோசத்தை ஹார்வர்டு வரிசையில் பதிப்பித்தார்.

நூல்களில் அரசனும் புலவனும் இருக்கிறார்கள். உழுதவன், சரக்கு சுமந்தவன் எங்கே? அதைத் தேடி வெளியே நடந்தார். புனேயில் வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் தினம் காலையில் நடக்கும்போதே கற்காலத்தின் சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். கிராமத்துத் தாய்த்தெய்வங்களின் கோயில்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். பல கோயில்கள் ஊருக்குள் இல்லாமல் பழைய ஒற்றையடிப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் இருந்தன. அதே இடங்களில் கல் கருவிகளும் கிடைத்தன. அந்தப் பாதைகளையே பிறகு வணிகர்கள் பயன்படுத்தினார்கள். மலைக் கணவாய்களை ஒட்டி கார்லே, பாஜா போன்ற பௌத்தக் குகைகள் எழுந்தன. கார்லே குகையின் தூண்களில் தானம் கொடுத்தவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. தேனுகாகடம் என்ற ஊர்க்காரர்கள் அதில் நிறைய. வணிகமும் மடமும் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்று அவர் எழுதியதைப் படித்தால், நம் பாடப் புத்தகத்தில் 'வணிகத்தின் வரலாறு' என்று அரைப் பக்கத்தில் முடிக்கிறார்களே என்று வருத்தமாக இருக்கும்.

இதெல்லாம் சேர்ந்து 1956-இல் இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம் என்ற பொருள்படும் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. எந்த ராஜா எந்தப் போரில் ஜெயித்தான் என்பதைவிட, ஜனங்களிடம் கலப்பை இருந்ததா என்பது முக்கியமான கேள்வி என்று அதில் வாதிட்டார். அவர் மார்க்சியவாதி. ஆனால் சூத்திரத்தை ஒப்பிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே பண்டைய இந்தியாவைப் பற்றி எழுதிய புத்தகத்தை 1949-இல் அவர் கிழித்த கிழியை எதிர்க்கட்சிக்காரர்கள்கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

நடுவில் கணிதத்தை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. 1934-இல் ராமானுஜன் நினைவுப் பரிசு பெற்றார். 1943-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய ஒரு முடிவை, சில வருடம் கழித்து கார்ஹுனன், லோயெவ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது சிலர் கோசாம்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 1944-இல், குரோமோசோமில் இரண்டு மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் எழுதினார். இன்றும் மரபணு வரைபடம் போடும் மென்பொருளில் ஒரு தேர்வாக 'கோசாம்பி' என்ற பெயர் இருக்கிறது.

சராசரி கைவிட்ட இடம்

1945-இல் ஹோமி பாபா டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கோசாம்பி அங்கே கணிதப் பேராசிரியர் ஆனார். வீடு புனேயில், வேலை பம்பாயில். டெக்கான் குவீன் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். 1949-இல் சிகாகோவில் வருகைப் பேராசிரியராக இருந்தார், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனைச் சந்தித்தார். எல்லாம் நன்றாகவே போனது.

பிறகு உரசல் ஆரம்பித்தது. உலக சமாதான இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். அணுசக்தியை நம்பிப் பணத்தைக் கொட்டுவதைவிட வெயில் கொட்டுகிற நாட்டில் சூரிய சக்தியைப் பயன்படுத்தலாமே என்று வெளிப்படையாகப் பேசினார். இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தையே அவருக்கு மேலதிகாரி என்பதை நினைவில் வையுங்கள்!

1950-களின் கடைசியில் இன்னொன்று நடந்தது. ரீமான் கருதுகோள் என்பது பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதோடு தொடர்புடைய கணிதப் புதிர். 1859-இல் முன்வைக்கப்பட்டு இன்று வரை நிரூபிக்கப்படாதது. நிகழ்தகவு முறையால் அதைத் தீர்க்க வழி இருப்பதாக கோசாம்பி எழுதினார். எழுதிய இடம் வேளாண் புள்ளியியல் சங்கத்தின் இதழ். எண்கணித நிபுணர்கள் யாரும் அதை ஏற்கவில்லை. கணித உலகில் அவர் பெயர் கெட்டது. 1962-இல் நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கணிதமா, அரசியலா, வரலாற்றுக்குச் செலவிட்ட நேரமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். காசில் அவரை ஜெயிக்க வைத்த அதே ஆயுதம்தான் பகா எண்ணில் கவிழ்த்தது. காசுக் குவியலில் தனிக் காசு எப்படிப் போனாலும் கவலை இல்லை, கூட்டத்தின் சராசரி போதும். பகா எண் விஷயம் அப்படி இல்லை. இருப்பது ஒரே ஒரு வரிசை. 2, 3, 5, 7, 11 என்று போகும் அந்த வரிசை. "இந்த மாதிரி வரிசைகள் பொதுவாக இப்படித்தான் நடந்துகொள்ளும்" என்று சொன்னால், இந்தக் குறிப்பிட்ட வரிசையும் அப்படித்தான் நடக்கும் என்று நிரூபித்ததாக ஆகாது. சோதித்துப் பார்க்கும் விதத்திலும் வித்தியாசம் இருந்தது. காசில், வயது தெரிந்த காசுகளை முதலில் எடை போட்டுத் தன் கொள்கையைத் தானே பரீட்சைக்கு உட்படுத்தினார். ரீமான் விஷயத்தில் அந்தப் பரீட்சையை வைக்க வேண்டியவர்கள் எண்கணித நிபுணர்கள். அவர்கள் படிக்காத இதழில் போய் வெளியிட்டார்.

"பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குடா?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். கோசாம்பியின் வாழ்க்கையில் அதற்கு இரண்டு பதிலும் இருக்கிறது. நம் பாடத்தில் கற்ற ஒரு கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த துறைக்குள் தாராளமாகப் போகலாம். அந்தத் துறைக்காரர்கள் கவனிக்காததை நாம் கவனிக்கவும் கூடும். ஆனால் அங்கே போனபின் அவர்களுடைய தராசில் ஏறி நிற்கத்தான் வேண்டும். காசு விஷயத்திலும் கோசாம்பி சொன்னது எல்லாம் ஏற்கப்பட்டதாக நினைக்க வேண்டாம். எந்த முத்திரை எந்த அரசனுடையது என்று அவர் சொன்னதைப் பல நாணயவியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் காசின் எடையைப் பார்க்காமல் பேச முடியாது என்ற நிலையை அவர் உண்டாக்கிவிட்டார்.

வேலை போனபின்னும் அவர் ஓயவில்லை. அந்த 1962-இலேயே தொன்மங்களைப் பற்றிய 'மித் அண்ட் ரியாலிட்டி' வந்தது. 1965-இல் பண்டைய இந்தியாவின் பண்பாடு, நாகரிகம் பற்றிய புத்தகம் லண்டனில் வெளியானது. 1966 பிப்ரவரியில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் காசு ஆராய்ச்சி பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த வருடம் ஜூன் 29-ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்துபோனார். 59 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. 2008-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கடைசியாக, விருப்பம் உள்ளவர்களுக்கு ஒரு வேலை. 1992 முதல் 2004 வரை வந்த ஒரு ரூபாய் நாணயம் ஒரே வகை எஃகு, அச்சடிக்கும்போது 4.85 கிராம். வீட்டு உண்டியலிலும் மளிகைக் கடையிலும் தேடினால் இன்னும் கிடைக்கும். வருடத்துக்கு இருபது காசு சேர்த்து, கிராமில் நூற்றில் ஒரு பங்கு காட்டும் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எஃகு வெள்ளியைப் போல எளிதில் தேயாது, அதனால் கோடு அவ்வளவு சாயாமல் போகலாம். ஒன்றிரண்டு காசைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். யாராவது செய்தால் எனக்கும் கணக்கை அனுப்புங்கள், சேர்ந்து சராசரி போடுவோம்.